உப்பு கரிக்காத ஊர்

செவ்வந்திகுளத்தில் உப்பு கரிக்காமல் போனது ஓர் ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை காலையில், இட்லி வேகிற நேரத்தில். சங்கரன்கோவில் ரோட்டில், காட்டோடைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற சின்ன ஊர் அது. அங்கே பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் இட்லிக்கடை வைத்திருந்தவள் ஆவுடைத்தங்கம். அன்றைக்கு முதல் ஈடு இட்லி தின்ற பால்காரர் சாம்பாரில் உப்பில்லை என்றார், அவள் ஒரு கை அள்ளிப் போட்டாள். அடுத்து உட்கார்ந்த லாரி டிரைவரும் உப்பில்லை என்றார், இன்னொரு கை போட்டாள். அப்படிப் போட்டுப் போட்டு ஜாடி காலியானதே தவிர, சாம்பார் மழைத்தண்ணி போலவே இருந்தது. கடைசியில் ஜாடியின் அடியில் கிடந்த ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். கல் வெள்ளையாகத்தான் இருந்தது, கரையவும் செய்தது, கரிக்கத்தான் இல்லை.

மத்தியானத்துக்குள் எல்லா வீட்டிலும் இதே பேச்சு. புருஷன்மார் பெண்டாட்டிமாரைக் கோபித்துக்கொண்டார்கள், பெண்டாட்டிமார் மளிகைக்கடை அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போனார்கள், அண்ணாச்சி தூத்துக்குடியிலிருந்து புது மூட்டை இறக்கினார். அந்த மூட்டை பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும்வரை கரித்தது; லாரி பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் சுண்ணாம்புக் கல் மாதிரி ஆகிவிட்டது. மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் வந்து ஊர் உப்பைப் பொட்டலம் கட்டி எடுத்துப்போனார்கள். பாலத்தைத் தாண்டியதும் அது பழையபடி நல்ல உப்பாகிவிட்டதால், செவ்வந்திகுளத்து உப்பில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊறுகாய் ஜாடிகளில் பூசணம் பூத்தது. கருவாடு நாறிப்போய், குப்பையோடு குப்பையாகப் புதைக்கப்பட்டது. வெயிலில் உழுதுவிட்டு வந்தவர்கள் உதட்டைத் துடைத்தால் வியர்வை பச்சைத்தண்ணியாக இருந்தது; அந்த மாதம் ஒரு சாவு வீட்டில் அழுத பெண்கள், கண்ணீரும் அப்படித்தான் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் ரகசியமாகச் சொல்லிக்கொண்டார்கள்.

மனுஷருக்கு எதுவும் பழகும். முதலில் மிளகாயைக் கூட்டினார்கள், அப்புறம் புளியைக் கூட்டினார்கள், வயிறு எரிந்ததும் இரண்டையும் குறைத்தார்கள், குறைத்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கிடைத்ததை விழுங்கிவிட்டு எழுந்தார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று வார்டு மெம்பரிடம் ஒரு பெண் சண்டைக்குப் போய், "நீரு சோத்துல உப்புப் போட்டுத்தான திங்கீரு?" என்று கேட்க, அவர், "போட்டுத்தான் திங்கேன் மதினி, கரிக்கத்தான மாட்டேங்கு" என்றார். தெருவே சிரித்தது. அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் யாரையும் அந்த வார்த்தை சொல்லித் திட்ட முடியவில்லை.

தை பிறந்தபோது நாக்குகள் திறந்துகொண்டன. முதலில் அதைச் சொன்னவர் ஆவுடைத்தங்கத்தின் புருஷன் நெல்லையப்பன். தையல்காரர், கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் சாப்பாட்டைப் பற்றி நல்லதென்றோ கெட்டதென்றோ ஒரு வார்த்தை பேசாதவர், தட்டில் என்ன இருக்கிறதென்று பார்க்காமலே தின்றுவிட்டு மிஷினுக்குப் போய்விடுகிறவர். அவர் அன்றைக்கு சுரைக்காய்க் கூட்டை வாயில் வைத்துவிட்டு அப்படியே நிறுத்தினார்.

"தங்கம், இதுல சீனி போட்டியா?"

"சுரைக்காய்க்கு யாராவது சீனி போடுவாங்களா?"

"இனிக்குதே. மெதுவா, எங்கேயோ உள்ளேயிருந்து இனிக்குது. எவ்வளவு நல்லா வச்சிருக்க நீ."

ஆவுடைத்தங்கம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முகத்தில் வந்த சந்தோஷத்தை அவர் பார்த்துவிடக் கூடாதென்று அவளுக்குத் தோன்றியது, ஏன் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஊர் முழுக்க ஒருவர் மாற்றி ஒருவராக நாக்கு திறந்தது. பச்சரிசியில் பால் வாசம் இருக்கிறதென்று கண்டுபிடித்தார்கள், முருங்கைக்கீரையில் இரும்பு இருக்கிறதென்று கண்டுபிடித்தார்கள், வெண்டைக்காயைக் காலையில் பறித்தால் ஒரு ருசி சாயங்காலம் பறித்தால் ஒரு ருசி என்று தகராறு செய்தார்கள். ஆவுடைத்தங்கம் இட்லிக்கடையை மத்தியானச் சாப்பாட்டுக் கடையாகவும் ஆக்கினாள். அவள் சமையல் பேசுகிறது என்றார்கள். சோறு பேசுகிறது, குழம்பு பேசுகிறது, ரசம் கொஞ்சம் கூடுதலாகவே பேசுகிறது. ரோட்டில் போகிற லாரிக்காரர்கள் யாரும் இப்போது அங்கே நிறுத்துவதில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

கவனித்தபோது நேரம் கடந்துவிட்டது. தென்காசிக்கு வேலைக்குப் போனவர்கள் அங்கே ஒரு வடையைக் கடித்துவிட்டு நெருப்புக்கங்கைக் கடித்தவர்கள் போல வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். கையோடு சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம்தான். ஆனால் உப்பில்லாத சோறு பொழுது சாய்வதற்குள் ஊசிப்போகும். அரிசியும் தண்ணியும் எடுத்துப்போய் அங்கேயே பொங்கித் தின்னலாமென்றால், பாலத்துக்கு அந்தப் பக்கம் வேகவைத்த எதுவும், ஒரு பொடிகூடப் போடாமல் வேகவைத்தாலும், செவ்வந்திகுளத்து நாக்குக்குக் கரித்தது. ஆகவே ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அவருடைய தூக்குவாளி தீர்மானித்தது. சோறு ஊசிப்போவதற்குள் திரும்ப முடிகிற தூரம்தான் உலகம். வேலைகளை விட்டுவிட்டு வந்தார்கள், வெளியூர் மாப்பிள்ளைகளை வேண்டாமென்றார்கள், காலேஜுக்குப் போன பிள்ளைகள் நின்றுகொண்டார்கள். வெளியூரில் ஏற்கெனவே தங்கியிருந்தவர்களின் நாக்கு மாறவில்லை. அவர்கள் பொங்கலுக்கு வந்தார்கள், ஒரு வாய் தின்றுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், மறுநாள் பஸ் ஏறினார்கள், அடுத்த பொங்கலுக்கு வரவில்லை. யாரும் பூட்டுப் போடவில்லை. பாலம் திறந்தே கிடந்தது, பஸ்ஸும் வந்து போய்க்கொண்டுதான் இருந்தது.

ஆவுடைத்தங்கத்தின் ஒரே மகள் தெய்வக்கனி, உப்பு போவதற்கு இரண்டு மாதம் முந்தி அருப்புக்கோட்டையில் வாக்கப்பட்டுப் போனவள். மாமியார் இல்லாத வீடு. மாப்பிள்ளை முருகவேல் தறி ஓட்டுகிறவன், பாசமான பையன். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் தெய்வக்கனி பிள்ளை உண்டாகி, வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்கென்று தாய்வீட்டுக்கு வந்தாள். ஆவுடைத்தங்கம் மகளுக்குப் பிடித்ததையெல்லாம் அன்றைக்கு ஆக்கினாள்: கத்திரிக்காய் புளிக்குழம்பு, அவியல், பருப்புருண்டை. ஊரே மெச்சுகிற கை. தெய்வக்கனி ஒரு வாய் எடுத்து மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள்.

"எப்படி இருக்குட்டி?"

"எம்மா, தப்பா எடுத்துக்காத. பேப்பரைத் திங்குத மாதிரி இருக்கும்மா."

அவள் கொண்டுவந்த உப்புப் பொட்டலம் பாலத்தைத் தாண்டும்போதே செத்துவிட்டிருந்தது. தினமும் மத்தியானம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, தட்டைத் துணியால் மூடிக்கொண்டு, வெயிலில் நடந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் மைல்கல்லில் உட்கார்ந்து, சோற்றில் உப்பைத் தூவித் தின்றுவிட்டு வந்தாள். ஊர்ப் பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். "வாயும் வயிறுமா இருக்க பிள்ளை, தாய் ஆக்குனதை தாய்வீட்டுல வச்சுத் திங்க முடியலியே" என்றார்கள். அவர்கள் சொன்னதில் இரக்கம்தான் இருந்தது, ஆனாலும் ஆவுடைத்தங்கத்துக்கு அது காதில் ஊசியாக ஏறியது. ஒருநாள் தெய்வக்கனி போகிற வழியில் மயங்கி விழுந்தாள். மறுநாள் முருகவேல் வேன் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். வேனில் ஏறியபிறகு அவள் அம்மாவின் கையை விடவில்லை.

"எம்மா, நீ வாம்மா. அங்க எனக்கு யாரு இருக்கா? பயமா இருக்கும்மா."

ஆவுடைத்தங்கம் அப்படியே சேலையோடு வேனில் ஏறிப் போனாள். அங்கே மகள் பொங்கிப்போட்ட சோறு அவள் உதட்டைப் பொத்துப்போக வைத்தது. வாழைப்பழமும் இளநீருமாக ஓட்டினாள். வயிறு ஒட்டிப்போய், கால் நடுங்கி, பிரசவம் பார்க்க வந்தவளை மகள் தாங்கிப் பிடிக்கிற நிலைமையானது. முருகவேல் அவளை ஊரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். நெல்லையப்பன் அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் முதன்முதலாக அடுப்பு மூட்டியது அன்றைக்குத்தான். அவள் குடித்தாள், உடம்பு திரும்பியது, ஆனால் மனசு வேனிலேயே இருந்தது.

மறுவாரம் அவள் பாலத்துக்கு நடந்தாள். மைல்கல்லில் உட்கார்ந்து, உப்புக் கல்லை நகத்தால் உடைத்து, கண்ணுக்குத் தெரிகிற அளவு ஒரு பொடியை நாக்கில் வைத்தாள். காதுவரை எரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அது கரைகிறவரை துப்பாமல் இருந்தாள். அடுத்த நாளும் போனாள். மழைக்கும் போனாள், கடைக்கு ஆள் வந்து காத்திருக்கிறபோதும் போனாள், காய்ச்சல் அடித்தபோது முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். எரிச்சல் காதிலிருந்து தாடைக்கு இறங்கியது, தாடையிலிருந்து நாக்கின் ஓரத்துக்கு வந்தது, பிறகு ஒருநாள் பொடியை எடுக்கும்போதே வாயில் எச்சில் ஊறியது. ஆவுடைத்தங்கம் மைல்கல்லில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சுரைக்காய்க் கூட்டைத் தொட்டு நாக்கில் வைத்தாள். சுரைக்காய் எதுவும் சொல்லவில்லை.

கடைக்கு வந்தவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். "என்ன மதினி, சோறு பேசமாட்டேங்கு" என்றார் பால்காரர். எது வெந்தது, எது இனித்தது, எதற்குப் புளி போதும் என்று அவளுக்கே தெரியாமல் போய்விட்டது. கைப்பழக்கத்தில் ஆக்கினாள், கைக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் வந்தது. பாலத்துக்குப் போய் என்ன செய்கிறாள் என்று ஊருக்குத் தெரிந்ததும் யாரும் அவளைத் திட்டவில்லை, கூட்டம் போடவில்லை, தடுக்கவும் இல்லை. தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கடைக்கு வருவதை மட்டும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். தெருவில் எதிரே வந்தால், நோயாளியைக் கேட்கிற மாதிரி, "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். சென்னையில் புருஷன் இருக்கிற ராசாத்தி டீச்சர் மட்டும் ஒருநாள் பின்னாலேயே மைல்கல்வரை வந்து, "எனக்கும் ஒரு பொடி தாங்க அக்கா" என்று வாங்கி நாக்கில் வைத்தாள். வைத்த வேகத்தில் துப்பிவிட்டு, வாயைத் தண்ணி விட்டுக் கொப்பளித்து, அழுதுகொண்டே ஊருக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

நெல்லையப்பன் ரொம்ப நாள் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் மத்தியானம் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டார்.

"உனக்கு இது ருசிக்கலைல்லா?"

"இல்ல."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட இல்லங்க."

"பாலத்துக்குப் போறதை நிறுத்திட்டா சரியாயிடுமா?"

"தெரியல. திரும்பப் பழகணும்னா இங்கேயே கிடக்கணும். பிள்ளை பெறப் போறவ காத்துக்கிட்டு இருப்பாளா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நீங்களும் வாங்க" என்றாள் அவள். "நான் சொல்லித் தாரேன். பொடியா வச்சாப் போதும். எரியத்தான் செய்யும், அப்புறம் சரியாப்போகும். அங்க ஒரு மிஷின் போட்டுக்கலாம்."

அவர் மறுநாள் அவளோடு பாலத்துக்கு நடந்தார். பொடியை நாக்கில் வைத்தார், அது கரைகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், துப்பவில்லை. வேட்டியால் வாயைத் துடைத்தபிறகு பாலத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"என்னால முடியும் தங்கம். முடியாதுன்னு இல்ல. ஆனா அம்பது வயசுவரைக்கும் நான் என்ன தின்னேன்னு எனக்கே தெரியாது. இப்பத்தான் ஒவ்வொண்ணும் இன்னதுன்னு தெரியுது. இதை விட்டுட்டு வான்னு சொல்லாத."

ஆவுடைத்தங்கத்துக்குக் கோபம் வந்தது. மகளைவிடச் சுரைக்காய் பெரிதா என்று கேட்க வாய்வரை வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது, தன் கையால் ஆக்கியதைத் தின்றுதான் அந்த முகம் அப்படி ஆனது என்று நினைப்பு வந்தது. அவள் கேட்கவில்லை. இரண்டுபேரும் முன்னும் பின்னுமாக ஊருக்கு நடந்தார்கள்.

அடுத்த நாள் காலையில் அவள் கடையை மூடிவிட்டு பஸ் ஏறினாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து ஏற்றிவிட்டார். கடையில் முன்பெல்லாம் தினமும் சாப்பிட்டவர்கள் எதிரில் நின்றார்கள். ஒருவரும் கையசைக்கவில்லை, ஒருவரும் உள்ளே போகவும் இல்லை.

தெய்வக்கனிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பிரசவம் சிக்கலாகி, ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றி, தாயும் பிள்ளையும் பிழைத்து வந்தார்கள். ஆவுடைத்தங்கம் பக்கத்திலேயே இருந்தாள். பத்தியக்குழம்பு வைத்தாள், பிள்ளையைக் குளிப்பாட்டினாள், மகளோடு உட்கார்ந்து உப்புப் போட்ட சோற்றைத் தின்றாள். அவள் சமையல் அங்கே எல்லா வீட்டுச் சமையலையும் போல இருந்தது. நன்றாக இருக்கிறது என்று முருகவேல் சொல்வான். அவன் தறியைப் பற்றி நினைத்துக்கொண்டு தின்பது அவளுக்குத் தெரியும்.

நெல்லையப்பன் மாதம் ஒருமுறை வந்தார். காலை முதல் பஸ்ஸில் தூக்குவாளியோடு ஏறி, இரண்டு பஸ் மாறி, வெயில் ஏறும்போது வந்து சேருவார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருப்பார். மத்தியானம் ஆனதும் சுவர்ப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து தன் வாளியைத் திறந்து தின்பார். மற்றவர்கள் தங்கள் தட்டில் தின்பார்கள். அப்புறம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். ராத்தங்கச் சொல்லி மகள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அவர் பட்டினி கிடப்பார் என்று அவளுக்குத் தெரியும். அவரே இப்போது சமைக்கிறார் என்றும், கடைத்தெருவில் அதைப் பற்றி நல்லவிதமாகச் சொல்கிறார்கள் என்றும் ஒருநாள் சொன்னார்.

பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற நாளுக்கு வந்தபோது, அவர் சின்ன வாளி ஒன்றும் கூடுதலாகக் கொண்டுவந்தார். பச்சரிசியும் சிறுபருப்பும் குழையப் பொங்கி மசித்தது. தெய்வக்கனி அம்மாவைப் பார்த்தாள். ஆவுடைத்தங்கம், "குடுக்கட்டும்" என்றாள்.

அவர் விரல் நுனியில் தொட்டுப் பிள்ளையின் வாயில் வைத்தார். பிள்ளை சப்பியது, முகத்தைச் சுளிக்கவில்லை, இன்னும் வேண்டுமென்று வாயைத் திறந்தது. அடுத்து தெய்வக்கனி வீட்டில் பொங்கிய சோற்றை ஒரு விரல் கொடுத்தாள், அதையும் தின்றது. மறுபடி தாத்தா விரல், மறுபடி அம்மா விரல். இரண்டு கைக்கும் மாறி மாறி வாயைத் திறந்துகொண்டு, கால்களை உதைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளை எல்லோருடைய சோற்றையும் தின்றது. முருகவேல் சிரித்தான். நெல்லையப்பன் சிரிக்கவில்லை, பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுலயும் உப்பு போடலியாம்மா?" என்று மகளிடம் கேட்டார்.

"இப்பப் போடக்கூடாதுப்பா. டாக்டர் சொல்லியிருக்காங்க. ஒரு வயசு ஆகட்டும்னு."

"ஒரு வயசுக்கு அப்புறம்?"

"அப்புறம் நாங்க திங்குறதுதான் அவளும் திம்பா."

"ஆமா" என்றார் அவர். "அதுதான முறை."

பிள்ளை தூங்கியபிறகு வாளியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. கழுவ எடுத்துப்போன ஆவுடைத்தங்கம் நின்றாள், அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள், அந்த மிச்சத்தை விரலால் வழித்து வாயில் போட்டாள். தெய்வக்கனி உப்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஆவுடைத்தங்கம் அதைத் தொடவில்லை. நாக்கில் வைத்துக் காத்திருந்தாள், அண்ணத்தில் வைத்து அழுத்திப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். எதுவும் வரவில்லை. இன்னொரு வாய் எடுத்தாள். வாளி காலியாகும்வரை தின்றாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் நெல்லையப்பன். கேட்டபிறகு, கேட்டிருக்கக் கூடாது என்பதுபோல மடியிலிருந்த துண்டை மடிக்க ஆரம்பித்தார்.

பொய் சொல்லலாம். இனிக்கிறது என்றால் அவர் நம்பவும் செய்வார், ஊருக்குப் போகிறவரை அதையே நினைத்துக்கொண்டு போவார். ஆவுடைத்தங்கம் விரல்களைப் பார்த்தாள். பருக்கைகள் நசுங்கிப் பசைபோல ஒட்டியிருந்தன. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"ரொம்பக் குழைஞ்சு போச்சு" என்றாள். "பிள்ளைக்கு இப்படி இருக்கட்டும். உங்களுக்கு வைக்கும்போது தண்ணியைக் குறைச்சு வையுங்க. கொதி வந்ததும் தீயைத் தணிச்சிடுங்க."

"ஒரு டம்ளர் குறைக்கவா?"

"அரை டம்ளர் போதும்."

"சரி" என்றார் அவர். வாளியை வாங்கி மூடியை அழுத்திப் பூட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்தார்.